கைப்பந்து இல்லைங்க, ஹேண்ட்பால்: மதுரைக்குள்ளே நான்கு பள்ளிகள்

2017 ஜூன் மாதம் கீழவாசல் பக்கம் உள்ள ஒரு மாநகராட்சிப் பள்ளிக்குப் போய், "பிள்ளைகளுக்கு ஹேண்ட்பால் சொல்லித்தர ஆசைப்படுறேன், காசு எதுவும் வேண்டாம்" என்று கேட்டேன். தலைமையாசிரியை உடனே சம்மதித்தார். மறுவாரம் போனால் எனக்காக மைதானத்தில் வலை கட்டியிருந்தார்கள். பக்கத்தில் புத்தம்புதிதாக இரண்டு வாலிபால். "கைப்பந்துன்னு சொன்னீங்களேம்மா, பழைய மாணவர் ஒருத்தர்கிட்ட கேட்டு வாங்கி வச்சேன்" என்றார். அவ்வளவு ஆசையாக வாங்கி வைத்தவரிடம், நான் சொன்னது இது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று முழுக்க வாலிபால்தான் விளையாடினோம்.

தமிழில் கைப்பந்து என்றால் வாலிபால். எறிபந்து என்றால் த்ரோபால். ஹேண்ட்பாலுக்குப் பொருந்தக்கூடிய இரண்டு பெயர்களும் ஏற்கெனவே வேறு விளையாட்டுகளுக்குப் போய்விட்டன. அதனால் ஹேண்ட்பால் என்றே சொல்கிறேன். புரியாதவர்களிடம் "கையால விளையாடுற ஃபுட்பால்" என்பேன். முக்கால்வாசி விளங்கிவிடும். இந்தப் பெயர்க் குழப்பத்தால் ஒரு வருடம் எங்கள் பிள்ளைகளின் பெயர்கள் வாலிபால் பட்டியலில் ஏறிவிட்டன, போட்டி நாளன்றுதான் தெரிந்தது. அதற்கப்புறம் எந்தப் படிவம் போனாலும் விளையாட்டின் பெயரை நானே ஒருமுறை படித்துப் பார்த்துவிடுகிறேன். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் முதல் நாளே இதைப் பழகிக்கொள்ளுங்கள்.

நான் கல்லூரி அணியிலும் பிறகு பல்கலைக்கழக அணியிலும் இடது ஓரம் ஆடியவள். இப்போது விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடை திறக்க ஒன்பதரை ஆகும். காலையில் இரண்டு மணி நேரம் என் கையில் இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் முதலாளி விட்டுவிடுவார். எனக்கு இருந்த வசதி அவ்வளவுதான்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஒரு பக்கம் 7 பேர், அதில் ஒருவர் கோல் கீப்பர். களம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். கோலைச் சுற்றி 6 மீட்டரில் ஒரு வளைவு. அதற்குள் கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக்கூடாது. ஆனால் வெளியிலிருந்து எம்பி, கால் தரையில் படுமுன் பந்தை விட்டுவிட்டால் சரி. பந்தைப் பிடித்துக்கொண்டு 3 அடிதான் வைக்கலாம், 3 விநாடிதான் வைத்திருக்கலாம். பெரியவர்களுக்கு 30 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒரு ஆட்டத்தில் ஒரு அணி இருபத்தைந்து, முப்பது கோல் போடுவது சாதாரணம். ஒலிம்பிக்கில் 1972 மியூனிக்கில் ஆண்களுக்கும், 1976 மாண்ட்ரீலில் பெண்களுக்கும் உள்ளரங்க ஹேண்ட்பால் வந்தது. ஆசிய விளையாட்டில் முதன்முதலாகச் சேர்த்தது நம் டெல்லியில், 1982இல். இத்தனை இருந்தும் நம் ஊர்த் தெருவில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அதிகம்.

எனக்கு இந்த விளையாட்டின்மேல் இவ்வளவு பிடிப்பு வரக் காரணம் இன்னொரு விதி. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம். நடுவரிடம் கேட்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர் வெளியே வந்ததும் அடுத்தவர் போகலாம். பள்ளியில் இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? பெஞ்சில் உட்கார்ந்தே வீட்டுக்குப் போகிற பிள்ளை என்று யாரும் இல்லை. பன்னிரண்டு பேர் வந்தால் பன்னிரண்டு பேரும் ஆடிவிட்டுத்தான் போவார்கள்.

சரி, முதல் முயற்சி எப்படித் தோற்றது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அதிலிருந்துதான்.

அந்த ஒரே பள்ளியில் பதினான்கு பெண் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தேன். ஓடச் சொன்னேன், எறியச் சொன்னேன், உயரம் பார்த்தேன். நல்ல பிள்ளைகள். ஒரு வருடம் காலையில் விடாமல் பயிற்சி. ஆடி மாதக் காற்றில் புழுதி கண்ணை அடைக்கும், அப்போதும் வந்தார்கள். அந்த வருட மாவட்டப் போட்டிக்கு எங்களையும் சேர்த்து மூன்றே அணிகள்தான் வந்திருந்தன. முதல் ஆட்டத்திலேயே, விடுதியில் தங்கிப் பயிற்சி எடுக்கும் ஓர் அணியிடம் மோசமாகத் தோற்றோம். அவ்வளவுதான், அந்த வருடம் முடிந்தது. பத்து மாதப் பயிற்சிக்கு ஒரே ஒரு ஆட்டம்! அடுத்த வாரம் ஒன்பது பேர் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் ஐந்து. ஒருத்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அக்கா, நாங்க யாரோடக்கா விளையாடுறது?"

நான் அதுவரை பயிற்சி போதவில்லை, உடல் வலு போதவில்லை என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. எதிரணி இல்லாத ஊரில் ஒரு நல்ல அணியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? செல்லூரில் கபடி எப்படி நிலைத்து நிற்கிறது என்று பாருங்கள். ரவுண்டானாவில் கபடி வீரர்களுக்குச் சிலை வைக்கும் அளவுக்கு அந்த ஊருக்குக் கபடி சொந்தமாகிவிட்டது. இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அடுத்த தெருவில் ஆட ஆள் இருக்கிறது. ஜெயித்தால் அந்தத் தெரு வழியாக நிமிர்ந்து நடக்கலாம், தோற்றால் அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே இரண்டாவது முறை தலைகீழாக ஆரம்பித்தேன். சிறந்த ஒரு அணி வேண்டாம். நடந்து போகிற தூரத்தில் நான்கு பள்ளிகள், நான்கு சுமாரான அணிகள், வாரம் ஒரு ஆட்டம். இதற்கிடையில் கொரோனா வந்து 2020, 2021 இரண்டு வருடமும் போய்விட்டது. 2022 ஜூனில்தான் மறுபடி தொடங்க முடிந்தது. முனிச்சாலைப் பக்கம் ஒன்று, தெற்குவாசல் பக்கம் ஒன்று, சிம்மக்கல் பக்கம் ஒன்று, பழைய கீழவாசல் பள்ளி ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிள்ளைகள் சீருடையிலேயே நடந்து வந்துவிடலாம். பஸ் வேண்டாம், வேன் வாடகை வேண்டாம், பெற்றோரிடம் தனியாகக் காசு கேட்க வேண்டாம். நடக்கிற தூரம் என்பதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். புறநகரில் நல்ல மைதானத்தோடு ஒரு பள்ளி கூப்பிட்டபோதுகூட அந்த வருடம் போகவில்லை. வேன் வைத்துத்தான் ஆட முடியும் என்று ஆகிவிட்டால், வேனுக்குக் காசு தருபவர் நிறுத்தும் நாளில் விளையாட்டும் நின்றுவிடும்.

அடுத்த பிரச்சினை இடம். மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் 40 மீட்டருக்கு எங்கே போவது? எங்கள் நான்கில் பெரிய முற்றமே 24 மீட்டர் நீளம்தான். அதிலும் ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி. கைகொடுத்தது மினி ஹேண்ட்பால். சிறு பிள்ளைகளுக்காகவே உள்ள முறை அது: நான்கு பேரும் ஒரு கீப்பரும், களம் ஏறத்தாழ 20 மீட்டருக்கு 13. அளந்து பார்த்தேன், மூன்று பள்ளிகளில் அப்படியே பொருந்தியது. நான்காவதில் அகலத்தை 11 ஆக்கினோம். வளைவு போட ஒரு ஆணி, ஒரு கயிறு, சுண்ணாம்புக் கட்டி போதும். கோல் கம்பத்துக்கு இரும்பு அடிக்கப் போகாதீர்கள். முற்றம் காலையில் இறைவணக்கத்துக்கு வேண்டும், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்கு வேண்டும். இரண்டு பள்ளிகளில் சுவரிலேயே பெயின்டால் கோல் வரைந்தோம். மற்ற இரண்டில் பிளம்பிங் பி.வி.சி. குழாயை இணைத்து, கீழ்க்குழாயில் மணல் நிரப்பி நிறுத்தினோம். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படிக்கு அடியில் சாய்த்துவிடுவார்கள். கோல் கம்பம் தருவதாக ஒருவர் மேடையில் அறிவித்து, கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனார். ஒரு வருடம் அதற்காகக் காத்திருந்தேன். காத்திருந்ததுதான் தவறு. குழாயும் அதை இணைக்கிற முழங்கை, டி துண்டுகளும் சேர்த்து ஒரு கோலுக்கு 1,400 ரூபாய்தான் ஆனது.

பந்து விஷயத்தில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. கடையில் ஹேண்ட்பால் என்று கேட்டால் பெரும்பாலும் பெரிய ஆண்கள் ஆடும் 3ஆம் எண் பந்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சுற்றளவு 58 முதல் 60 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ 450 கிராம். பத்து வயதுப் பிள்ளையின் கையில் அது நிற்காது. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத்தான் எறிவாள். அப்படிப் பழகிய கையைத் திருத்தப் பிறகு ஒரு வருடம் ஆகும். 1ஆம் எண் பந்து கேளுங்கள், 50 முதல் 52 சென்டிமீட்டர். முதல் இரண்டு மாதம் அதுகூட வேண்டாம் என்பேன். பழைய துணியைச் சுருட்டி, காலுறைக்குள் திணித்து, மேலே சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிய பந்து போதும். எங்கள் கடையில் வெட்டு விழுந்த துணிக்குப் பஞ்சமில்லை. அந்தப் பந்து முகத்தில் பட்டாலும் வலிக்காது, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிப் பக்கத்து மாடியில் காயும் வடகத்தில் போய் விழாது. பந்துக்குப் பயப்படாத பிள்ளைதான் பிறகு கீப்பராக நிற்பாள்.

கீப்பரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்தப் பள்ளியிலும் நடப்பது: குண்டான பிள்ளையை, ஓட முடியாதவள் என்று கோலில் நிறுத்திவிடுவார்கள். எங்களிடம் அது கிடையாது. முதல் வருடம் எல்லோரும் மாறி மாறி நிற்க வேண்டும். 2022இல் வந்த விதி மாற்றத்தில், தடுப்பார் இல்லாமல் தனியாக எறியும் பந்து நேராகக் கீப்பரின் தலையில் பட்டால் எறிந்தவர் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும் என்று வைத்தார்கள். நாங்கள் அதையும் தாண்டி, முதல் வருடப் பிள்ளைகள் கீப்பரின் தோளுக்கு மேலே எறியவே கூடாது, எறிந்தால் கோல் செல்லாது என்று வைத்துக்கொண்டோம். சிமென்ட் தரையில் எம்பி எறிந்து விழுவதையும் சொல்லித் தருவதில்லை. வைகை ஆற்று மணலில் தண்ணீர் இல்லாத மாதங்களில் அழைத்துப் போய் விழப் பழக்குகிறோம். ஒருத்திக்கு முழங்கை தோல் உரிந்து அவள் அம்மா பள்ளிக்கே வந்துவிட்ட பிறகுதான் எனக்கு இந்தப் புத்தி வந்தது. அந்த அம்மா கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

நேரம் பற்றி. வெளியிலிருந்து வருபவர்கள் வசதிக்கு நேரம் வைத்தால் பிள்ளைகள் வரமாட்டார்கள். நான் முதலில் காலை ஆறரை என்று வைத்திருந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் பாதிப் பேர் வரவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். விசாரித்தால், அது குழாயில் தண்ணீர் வருகிற நாள். காம்பவுண்டு வீடுகளில் ஆறேழு குடித்தனத்துக்கு ஒரு குழாய். குடம் வைத்து வரிசையில் நிற்க வேண்டியது பெண் பிள்ளைகள்தான். ஒரு காகிதத்தில் எந்தத் தெருவுக்கு எந்த நாள் தண்ணீர் என்று எழுதி வாங்கி, அதன்படி பயிற்சி நாளை மாற்றினேன். வருகை தானாகக் கூடிவிட்டது. அதேபோல முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் வேண்டாம். பல வீடுகளில் அம்மாவும் பிள்ளைகளும் உட்கார்ந்து மல்லிகை கட்டுவார்கள், அன்று கிடைக்கும் கூலி அவர்களுக்கு முக்கியம். பையன்களில் சிலர் இரவில் புரோட்டாக் கடையில் மேசை துடைத்துவிட்டு ஒரு மணிக்குப் படுப்பவர்கள். தூங்கா நகரம் என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது அந்தப் பிள்ளைகளின் தூக்கமும் அதில் போகிறது. அவர்களைக் காலையில் கூப்பிடுவது பாவம். மாலையில் வைத்தேன். சித்திரைத் திருவிழா வாரத்தில் எதையும் வைக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும்போது ஊரே அங்கிட்டுத்தான் இருக்கும்.

சாப்பாடு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான், கீழ அண்ணாத்தோப்பில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. ஆனால் அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. என் பிள்ளைகள் ஆறு, ஏழு, எட்டு. ஒரு நாள் ஒருத்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாள் மதியச் சத்துணவுக்குப் பிறகு ஒரு டீயும் பன்னும்தான். அதிலிருந்து பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு கை வேகவைத்த கொண்டைக்கடலையோ தட்டாம்பயறோ, ஒரு வாழைப்பழம். இந்தச் செலவை முதலில் கணக்கில் எழுதுங்கள், டி-சர்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சீருடை தருகிறேன் என்று வருபவர்களிடமும் நான் கடலைக்குத்தான் கேட்கிறேன். ஒரு மளிகைக்கடைக்காரர் இரண்டு வருடமாக மாதம் பத்துக் கிலோ தருகிறார். சட்டையில் கடைப் பெயர் போடச் சொன்னதே இல்லை.

பி.டி. வாத்தியார்களை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் நான் அதிகம் மாறியிருக்கிறேன். முதல் முயற்சியில் நான் வந்தேன், நான் சொல்லித் தந்தேன், நான் கூட்டிப் போனேன். வாத்தியார் ஓரமாக நின்றார். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் பயிற்சியே இல்லை. எந்த வாத்தியாரைக் கேட்டாலும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார், ஆயிரத்தெட்டுப் பதிவேடு வேலை வேறு என்பார். புதிதாக ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து அவர் தலையில் வைத்தால் அவருக்குச் சுமையாகத்தானே தெரியும்? இரண்டாவது முறை பிள்ளைகளிடம் போகுமுன் நான்கு வாத்தியார்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமுக்கம் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார வைத்துப் பேசினேன். பிறகு அவர்களையே விளையாட வைத்தேன். ஐம்பத்திரண்டு வயது ஆசிரியை ஒருவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோலில் நின்று மூன்று பந்தைக் காலால் தடுத்தார். கீப்பர் தன் வளைவுக்குள் காலாலும் தடுக்கலாம் என்பது இந்த விளையாட்டில் உண்டு. "இது நல்லாத்தான் இருக்கு, சொல்லுங்க எப்ப ஆரம்பிக்கலாம்" என்றார். இப்போது சனிக்கிழமை ஆட்டங்களுக்கு அவர்கள்தான் நடுவர். விசில் என் கையில் கிடையாது. நான் ஊரில் இல்லாத சனிக்கிழமையும் ஆட்டம் நடக்கிறது. அது நடந்த முதல் வாரம் எனக்குப் போனில் ஸ்கோர் வந்தபோது, திருச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அழுதுவிட்டேன்.

பெண் பிள்ளைகளை விளையாட்டில் தக்கவைப்பது பற்றிக் கேட்கிறவர்கள் நிறைய. ஆறாம் வகுப்பில் இருபது பேர் வந்தால் எட்டாம் வகுப்பு முடிவதற்குள் ஏழு பேர்தான் இருக்கிறார்கள். வயதுக்கு வந்துவிட்டால் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். இதற்கு ஒரே வழி அம்மாக்கள்தான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அரைக்கால் சட்டை என்ற பேச்சையே எடுக்கவில்லை. முழுக்கால் டிராக் பேண்ட், முழங்கை வரை மறைக்கும் சட்டை, வேண்டுபவர்கள் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொள்ளலாம். காஜிமார் தெருப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் அப்படித்தான் ஆடுகிறார்கள். மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளின் பாட்டிகளுக்குத் தமிழில் பேசினால் போதாது, அவர்கள் வீட்டுப் பிள்ளையே நடுவில் நின்று சௌராஷ்டிரத்தில் சொன்னால்தான் ஆகும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு அம்மாக்களுக்கு நாற்காலி போட்டோம். அவ்வளவுதான் செய்தோம். பூக்கட்டுகிற அம்மா ஒருவர் மடியில் பூவோடு வந்து உட்கார்ந்து, கை பூவைக் கட்டிக்கொண்டே இருக்க, கண் மகள் மேலேயே இருந்தது. ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "ஏம்மா, இவ இவ்வளவு சத்தமாக் கத்துவாளா? வீட்டுல வாயே தொறக்கமாட்டா" என்றார். அந்தப் பிள்ளை இப்போது பத்தாம் வகுப்பு. இன்னும் ஆடுகிறாள்.

பையன்களிடம் வேறு பிரச்சினை, கிரிக்கெட். அதை எதிர்த்துப் பேசிப் பயனில்லை. கபடி ஆடுகிற பையன்களைத்தான் நான் தேடிப் போகிறேன். ஆளை மறிக்க, தோளால் தாங்க, காலை மாற்றி வைக்க அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். இழுத்துப் பிடிப்பதை மட்டும் மறக்கவைக்கப் பெரும்பாடு! பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்தால் 2 நிமிடம் வெளியே. அந்த 2 நிமிடம் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும், பதிலுக்கு யாரும் இறங்க முடியாது. தன்னால் தன் அணி கோல் வாங்குவதை ஓரத்தில் நின்று பார்க்கிற பையனுக்கு நான் எந்த அறிவுரையும் சொல்ல வேண்டியதில்லை.

காகித வேலை. பள்ளிக் கல்வித் துறைப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று நடக்கும். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும். பள்ளி திறந்த கையோடு அறிவிப்பு வந்துவிடும். ஆகவே ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்டில் அணி என்றால் நடக்காது, முந்தைய ஜனவரியிலேயே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்து வைக்க வேண்டும். எமிஸ் எண் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் பதிவு எண்), பிறந்த தேதி, ஆதாரில் உள்ள பெயர் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். எங்கள் நல்ல கீப்பர் ஒருத்தியின் பிறந்த வருடம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்ததால் அந்த வருடம் ஆட முடியவில்லை. சான்றிதழை லேமினேட் செய்து பள்ளியில் ஒரு நகல், என்னிடம் ஒரு நகல் வைத்திருக்கிறோம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரிச் சேர்க்கையிலும் இடம் உண்டு. எந்த மட்டத்துச் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்பதை அந்தந்த வருட அறிவிப்பைப் படித்துவிட்டு மட்டுமே பெற்றோரிடம் சொல்லுங்கள். "ஆடினால் வேலை" என்று ஆசை காட்டி அழைத்து வருவது தவறு என்றே நினைக்கிறேன். ஒரு கூட்டத்தில் அப்படிப் பேசியவரை நான் அங்கேயே மறுத்தேன்.

இதில் இன்னும் எனக்குத் தீராதது ஒன்று இருக்கிறது. இரண்டாம் வருடம் முடிவில் ஒரு தனியார் பள்ளி எங்கள் இரண்டு சிறந்த பிள்ளைகளைக் கட்டணமில்லாமல் விடுதியோடு எடுத்துக்கொண்டது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் அதில் ஒருத்தியின் வீட்டில் அப்பா இல்லை, அம்மா நாளெல்லாம் பாத்திரக் கடையில் நிற்கிறார். மூன்று வேளைச் சாப்பாடும் ஒரு கட்டிலும் அவளுக்குக் கிடைக்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? விட்டுவிட்டோம். விடுமுறைக்கு வந்தால் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்துவிடுகிறாள். அவள் விட்டுப்போன இடத்தில் அவளுடைய பழைய பள்ளியின் அடுத்த பிள்ளை நிற்கிறாள். நான்கு பள்ளி இருந்ததால்தான் அதைத் தாங்க முடிந்தது. 2017இல் இதே நடந்திருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும்.

கடந்த இரண்டு வருடமும் மாவட்டப் போட்டியில் நாங்கள் கோப்பை வாங்கவில்லை. ஒருமுறை அரையிறுதி வரை போனோம். ஆனால் நான்கு பள்ளிகளிலும் பெயர் கொடுத்தோம், நான்கும் போய் ஆடின. எங்கள் முனிச்சாலைப் பிள்ளைகளும் தெற்குவாசல் பிள்ளைகளும் முதல் சுற்றிலேயே ஒன்றையொன்று சந்தித்தபோது, இரு பக்கமும் ஆளுக்கு ஆள் பெயர் தெரிந்து கத்தினார்கள். பக்கத்தில் நின்ற வெளியூர் வாத்தியார் ஒருவர், "இவங்கெல்லாம் ஒரே பள்ளிக்கூடமா?" என்று கேட்டார்.

இந்த ஜூனில் ஐந்தாவதாக மகபூப்பாளையம் பக்கம் ஒரு பள்ளி கேட்டிருக்கிறது. சிம்மக்கல் பள்ளியிலிருந்து பெரிய பிள்ளைகள் நடந்தால் அரை மணிக்குள் வந்துவிடலாம், நானே நடந்து பார்த்தேன். முற்றத்துக்கு நட்டநடுவில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. பி.டி. டீச்சர், "மரத்தை வெட்டச் சொல்லிடாதீங்கம்மா, பிள்ளைங்க அதுக்குக் கீழதான் சாப்பிடுவாங்க" என்றார். களத்தைச் சாய்வாகப் போட்டால் 18 மீட்டர் கிடைக்கிறது. வருகிற சனிக்கிழமை கயிறும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு போகிறேன். கோடு போடுவதற்கு, கீழவாசலில் ஆடி முடித்த பழைய பிள்ளைகள் மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.